கார்ப் மீனுக்குத் தொலைவில் இரை போட ராடும் ரீலும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்து ஏரிக்கரைகளில் கார்ப் பிடிப்பவர்களைப் பார்த்தால், மீன் கடித்தால் ஒலிக்கும் அலாரத்தின் மேல் படுத்திருக்கும் இரண்டு மூன்று ராடுகளுக்கு அப்பால், தனியே ஒரு தடித்த ராடு சாத்தி வைத்திருப்பதைக் கவனிக்கலாம். அதில் முள் இருக்காது. நரம்பின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குப்பிதான் தொங்கும். அந்த ராடு மீன் பிடிக்க வந்ததல்ல. 70, 80 மீட்டர் தள்ளி, முள் கிடக்கும் இடத்தின் தலைக்கு மேலேயே இரையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வருவது அதன் வேலை. ஸ்பாட் ராடு என்று பெயர்.

குப்பியில் இரண்டு வகை உண்டு. ராக்கெட் மாதிரி இருப்பது பழைய வகை. அதன் மூக்கில் மிதவை இருக்கும். நீரில் விழுந்ததும் மூக்கு மேலே நிமிர, திறந்த பின்பக்கம் கீழே போய் இரை கொட்டும். ஸ்பாம்ப் என்று எல்லோரும் சொல்லும் குண்டு வடிவக் குப்பி புதிய வகை. மூக்கு நீரில் மோதியதும் விசை விடுபட்டு, இரண்டாகப் பிளந்து இரையை விட்டுவிடும். பறக்கும்போது மூடியே இருப்பதால் வழியெல்லாம் இரை சிந்தாது. புதிதாகத் தொடங்குகிறவர் நேரே இரண்டாவது வகைக்குப் போய்விடலாம்.

மீன் நமக்கு அந்நியமில்லை. ஊரில் சாதாக் கெண்டை என்று விற்பது இதே கார்ப்தான். இலங்கையிலிருந்து 1939-இல் நீலகிரிக்குக் கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். ஆனால் பிரிட்டனில் அது குழம்புக்குப் போகும் மீன் அல்ல. பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்துத் திரும்ப நீரிலேயே விடுவார்கள். அந்த விளையாட்டுக்கென்று வளர்ந்த சாமான்களில் ஒன்றுதான் ஸ்பாட் ராடும் அதற்கான ரீலும். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, இருப்பதிலேயே கனமானதை வாங்கி வந்துவிடுகிறவர்கள் அதிகம். பத்து முறை வீசியதும் தோள் வலிக்கும். குப்பி ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது. என் கட்சி இதுதான்: எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்து வாங்காதீர்கள். முப்பதாவது வீச்சும் முதல் வீச்சு விழுந்த இடத்திலேயே விழுமா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு இது தேவைதானா?

கார்ப் எப்போதும் நடு ஏரியில் இருப்பதில்லை. காலடியில், நாணல் ஓரத்தில், சாய்ந்த மரக்கிளைக்கு அடியில் மேய்வது அதன் வழக்கம். அங்கே இரை போட உங்கள் கையே போதும். 20, 30 மீட்டருக்குள் என்றால் கவண் போதும். பாய்லி எனப்படும் வேகவைத்த உருண்டை இரையை மட்டும்தான் போடப் போகிறீர்கள் என்றால், வளைந்த குழாய் போன்ற எறிகோல் ஒன்று வாங்கிப் பழகினால் அதைவிடத் தூரமாகவும் சத்தமில்லாமலும் போடலாம்.

ஸ்பாட் ராடு வேண்டியிருப்பது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, சணல்விதை, சோளம், பெல்லட் என்ற தீவனக் குருணை போன்ற பொடி இரையைக் கவணால் தூரமாக எறிய முடியாது, காற்றில் சிதறிவிடும். இரண்டு, மீன் உண்மையிலேயே தூரத்தில் இருப்பது. மணலும் சரளையும் தோண்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி உருவான ஏரிகள் இங்கிலாந்தில் ஏராளம். ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஸ்டான்டன் ஹார்கோர்ட்டில் உள்ள லீனியர் ஃபிஷரீஸ் ஏரிகள் அப்படிப்பட்டவை. இவற்றின் அடித்தரை சமமாக இருக்காது. சரளை மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். கார்ப் அந்த மேடுகளை ஒட்டி நடமாடும். கரையில் ஆள் நடமாட்டம் கூடினால் அங்கேயே ஒதுங்கியும் நிற்கும். அப்படி ஓர் ஏரிக்குப் போகிறவருக்கு இந்தச் சாமான் வேண்டும். சிறிய கிளப் குளத்தில் மட்டும் உட்காருபவருக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்கலாம்.

போகப்போகும் ஏரியின் விதிகளையும் இப்போதே பாருங்கள். சில இடங்களில் ஸ்பாட் போடவே கூடாது. சில இடங்களில் பிரெய்ட் நரம்புக்கு, அதாவது பல இழைகளைப் பின்னிச் செய்த நரம்புக்கு, தடை. முக்கிய ராடில் பிரெய்ட் கூடாது, ஸ்பாட் ராடில் மட்டும் போடலாம் என்று சொல்லும் ஏரிகளும் உண்டு. வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமல்ல இது.

சமையலறைத் தராசிலிருந்து தொடங்குங்கள்

ராடு வாங்கும் முன் குப்பியை வாங்குங்கள். நடுத்தர அளவு ஒன்று போதும். நீங்கள் போடப்போகும் இரையை, ஏரியில் போடும் அதே ஈரத்தோடு அதில் நிரப்பித் தராசில் வையுங்கள். இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும். நடுத்தரக் குப்பி நிரம்பினால் 120 முதல் 150 கிராம் வரை வரலாம். பெரியது 200 கிராமைத் தாண்டும். ஊறிய சோளம் கனம். தூளும் பொரியும் லேசு. ஆகவே ஊகிக்காமல் நிறுத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் ராடின் பலத்தை டெஸ்ட் கர்வ் என்ற கணக்கில், பவுண்டில் எழுதுவார்கள். ராடைக் கிடையாகப் பிடித்து, நுனி கைப்பிடிக்குச் செங்குத்தாக வளையும்வரை இழுக்க எத்தனை பவுண்டு எடை வேண்டுமோ அதுதான் டெஸ்ட் கர்வ். ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் வீசலாம் என்பது பழைய கணக்கு. 3 பவுண்டு ராடுக்கு 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். 5 பவுண்டு ராடுக்கு 5 அவுன்ஸ், 142 கிராம். இது கல்வெட்டு அல்ல. நுனியிலிருந்து நீளமாகத் தொங்கவிட்டு, வெட்டி இழுக்காமல் சீராக வீசினால் கொஞ்சம் கூடுதலாகவும் தாங்கும். ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல கணக்கு.

இதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள கார்ப் ராடில் ஏன் குப்பியை மாட்டக்கூடாது என்பது விளங்கும். அவை பெரும்பாலும் 2.75 முதல் 3.5 பவுண்டு வரை இருக்கும். 140 கிராமை அதில் மாட்டி முழு வேகத்தில் வீசினால் ராடு தாங்காமல் முறியலாம். சிறிய குப்பியில் பாதி நிரப்பி 40 மீட்டருக்கு மெல்ல வீசிப் பழக அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு பழைய கதை. 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கார்ப் ஒன்றைப் பிடித்தார். அந்தக் காலத்துச் சாதனை அது. மீனை லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்தார். அங்கே அது 1971 வரை உயிரோடு இருந்தது. அவர் வடிவமைத்த மார்க் ஃபோர் ராடு, பிளந்த மூங்கிலில் செய்தது. நீளம் 10 அடி, டெஸ்ட் கர்வ் ஒன்றரை பவுண்டு. மீனைப் பிடிக்க அவ்வளவு போதுமாயிருந்தது. இன்று அந்த மீனுக்குச் சாப்பாடு கொண்டுபோக அதைவிட மூன்று மடங்கு பலமுள்ள ராடு கேட்கிறோம்.

ராடு

ஸ்பாட் ராடுகள் 4.5 முதல் 5.5 பவுண்டு வரை கிடைக்கும். நடுத்தரக் குப்பியோடு 60 முதல் 90 மீட்டர் என்று கணக்கிட்டால், 4.5 அல்லது 5 பவுண்டு உங்களுக்குச் சரி. 5.5 பவுண்டு ராடு பெரிய குப்பிக்கும் பழகிய தோளுக்கும் உரியது. எடை போதாத குப்பியை அதில் மாட்டினால் ராடு வளையவே வளையாது. விளக்குமாற்றுக் கட்டையால் கல்லெறிவது போல இருக்கும். ராடு வளைந்து நிமிரும்போதுதான் குப்பிக்கு வேகம் கிடைக்கிறது. வளையாத ராடில் அந்த வேகம் முழுவதையும் உங்கள் கைதான் கொடுத்தாக வேண்டும்.

நீளம் 12 அடியா 13 அடியா? 13 அடியில் நுனி வேகமாகச் சுழலும், தூரம் கூடும். அதே நீளம் உங்கள் கைக்கு எதிராகவும் வேலை செய்யும். இழுத்து நிறுத்தக் கூடுதல் பலம் வேண்டும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள சராசரி ஆளுக்கு 12 அடி போதும். தலைக்கு மேல் மரக்கிளை தொங்கும் கரைகளில் அந்த ஓர் அடி வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

கடையில் ராடைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை இவை. ரீலை மாட்டிப் பாருங்கள். மாட்டாமல் எந்த ராடையும் மதிப்பிடாதீர்கள். வலது கையை ரீல் இருக்கையிலும் இடது கையை அடிநுனியிலும் வைத்து வீசும் பாவனையில் நில்லுங்கள். இரு கைகளுக்கும் இடையே உங்கள் தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் வசதி. கைப்பிடி நுரையா வழவழப்பான உறையா என்பது ருசி சார்ந்தது. ஆனால் இரை பிசைந்த ஈரக்கையோடு பிடிக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். எனக்கு நுரைதான் பிடிக்கும்.

அடுத்து வளையங்கள். ரீலுக்கு மிக அருகில் உள்ள முதல் வளையம் பெரிதாக, 40 அல்லது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் பெரிய ஸ்பூலிலிருந்து அது அகன்ற சுருள்களாக வெளியேறும்; சின்ன வளையம் அதை நெரித்துவிடும். வளையத்தின் உட்பூச்சு பிரெய்ட் நரம்பைத் தாங்குவதாக இருக்கட்டும். பழைய ராடு வாங்கினால் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து எல்லா வளையங்களின் உட்புறத்தையும் துடையுங்கள். எங்காவது பஞ்சின் இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் பிரெய்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, என்றாவது ஒருநாள் நடு வீச்சில் குப்பியை அனுப்பிவிடும்.

கார்பன் நெய்த முறை, பூச்சின் நிறம், ராடின் மேல் அச்சிட்ட பட்டப்பெயர் இவற்றுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். ஸ்பாட் ராடு கரடுமுரடான வேலைக்காரன். நூறு பவுண்டுக்குள் நல்ல புதிய ராடு கிடைக்கும். மிச்சத்தை ரீலில் போடுங்கள்.

மார்க்கர் ராடு என்று பக்கத்தில் இன்னொன்றும் வைத்திருப்பார்கள். தக்கையையும் ஈயத்தையும் வீசி, அடித்தரை சரளையா சேறா, ஆழம் எவ்வளவு என்று தடவிப் பார்க்க உதவுவது அது. அதற்கு மென்மையான நுனி வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே ராடு என்று விற்பது இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும். ஆரம்பத்தில் உங்கள் கார்ப் ராடு ஒன்றில் பிரெய்ட் சுற்றிய மாற்று ஸ்பூலைப் போட்டு அடித்தரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ரீல்

பணத்தை இங்கே செலவழியுங்கள். ஸ்பாட் வேலையில் மீனோடு மல்லுக்கட்டுவது இல்லை. ஆகவே மீன் பிடிக்கும் ரீலில் விலையேற்றும் பல அம்சங்கள் இங்கே வீண். மீன் இழுத்தால் ஸ்பூல் தானே சுழலும் வசதி வேண்டாம். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் நுணுக்கமான டிராக் வேண்டாம். வேண்டியது நான்கு: பெரிய ஸ்பூல், நல்ல லைன் கிளிப், அசையாமல் பூட்டும் டிராக், சட்டென்று மூடிக்கொள்ளாத பெயில் ஆர்ம் (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் கம்பி).

பெரிய ஸ்பூல் ஏன்? வீசும்போது நரம்பு விளிம்பில் உராய்வது குறையும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது திரும்பச் சுற்றும் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பூலின் விட்டம் 75 மில்லிமீட்டர், கியர் விகிதம் 4.5 என்றால், கைப்பிடியை ஒருமுறை சுற்றும்போது சுமார் 1.06 மீட்டர் நரம்பு உள்ளே வரும். 90 மீட்டருக்கு 85 சுற்று. விட்டம் 55 மில்லிமீட்டர் உள்ள சிறிய ரீலில், விகிதம் 4.7 ஆக இருந்தாலும், ஒரு சுற்றுக்கு 81 சென்டிமீட்டர்தான். 90 மீட்டருக்கு 111 சுற்று வேண்டும். 30 குப்பி இரை போட்டால் பெரிய ரீலில் 2550 சுற்று, சிறியதில் 3330. மீன் கடிப்பதற்கு முன்பே 780 சுற்று கூடுதல்.

அதற்காகக் கியர் விகிதம் மிக உயர்ந்த ரீலைத் தேடாதீர்கள். காலியான குப்பி தண்ணீரை வாரிக்கொண்டு வரும். விகிதம் கூடக் கூடக் கைப்பிடி இறுகும். பெரிய ஸ்பூலும் மிதமான விகிதமும் சேர்ந்ததே கைக்கு இதம். ஷிமானோ, டைவா போன்ற நிறுவனங்கள் இந்த வேலைக்கென்றே ஸ்பாட் என்று பெயரிட்ட ரீல்களைச் செய்கின்றன. சாதாரண பெரிய கார்ப் ரீலும் இந்த வேலையைச் செய்யும். கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் போதும்.

லைன் கிளிப் என்பது ஸ்பூலின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பிடி. வேண்டிய தூரத்தில் நரம்பை அதில் மாட்டிவிட்டால் குப்பி அதற்கு மேல் போகாது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் பறந்து போகிற குப்பியின் வேகம் முழுவதும் இந்த இடத்தில் வந்து முட்டும். ஆகவே கிளிப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். கூரான விளிம்போ முக்கோண வடிவப் பிளாஸ்டிக்கோ இருந்தால் விட்டுவிடுங்கள். வட்டமான, உள்ளே ஸ்பிரிங் வைத்த உலோகக் கிளிப் நல்லது.

டிராக்கை முழுக்க இறுக்கி, ஸ்பூலைக் கையால் பிடித்துப் பலமாகத் திருகிப் பாருங்கள். துளியும் நழுவக்கூடாது. வீசும் நொடியில் அது நழுவினால் பிரெய்ட் உங்கள் ஆள்காட்டி விரலை அறுத்துவிடும். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல.

பெயில் ஆர்மைத் திறந்து வைத்து, ரீலின் காலைப் பிடித்து வீசுவது போல வேகமாக உதறுங்கள். தானாக மூடிக்கொள்ளும் ரீலைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். நடு வீச்சில் அது மூடினால் நரம்பு அறுந்து, 140 கிராம் குப்பி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பூல் ஆழம் குறைந்ததாக இருந்தால் நல்லது. ஆழமாக இருந்தால் அடியில் மலிவான மோனோ (ஒற்றை இழை) நரம்பைச் சுற்றி நிரப்பிவிட்டு மேலே பிரெய்ட் போடலாம். பிரெய்டை நேரடியாக வழவழப்பான ஸ்பூலில் கட்டினால் மொத்தமும் சேர்ந்து வழுக்கிச் சுழலும். அதற்கும் அந்த மோனோ பிடிப்புக் கொடுக்கும்.

நரம்பும் ஷாக் லீடரும்

மோனோ இழுபடும்; பிரெய்ட் இழுபடாது. தூரம் துல்லியமாக வர வேண்டுமானால் பிரெய்ட்தான். சுமார் 20 பவுண்டு தாங்கும், 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மிதக்கும் பிரெய்ட் வாங்குங்கள். மூழ்கும் நரம்பு குப்பியையும் சேர்த்து அடியில் இழுத்துவரும், கை ஓய்ந்துபோகும். 300 மீட்டர் சுருள் வாங்கினால், இடையில் அறுந்து கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும். ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் தளர்ந்த சுருள்கள் கொத்தாகக் கிளம்பி வளையத்தில் சிக்கும்.

இந்த மெல்லிய பிரெய்ட் மட்டும் வீச்சின் உதறலைத் தாங்காது. முன்னால் தடித்த பிரெய்ட் துண்டு ஒன்றைக் கட்ட வேண்டும். இதுதான் ஷாக் லீடர். கடல் மீன்பிடிப்பவர்களின் பழைய கணக்கு, வீசும் எடையில் ஓர் அவுன்ஸுக்கு 10 பவுண்டு. 5 அவுன்ஸ் குப்பிக்கு 50 பவுண்டு லீடர். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீளத்தையும் கணக்கிடலாம். 12 அடி ராடில் ரீலிலிருந்து நுனிவரை சுமார் 10 அடி. நுனியிலிருந்து குப்பி தொங்குவது 5 அடி. ஸ்பூலில் குறைந்தது ஐந்து சுற்று இருக்க வேண்டும். அது 4 அடி. ஆக மொத்தம் 19 அடி. 30 அடி வெட்டிக்கொண்டால், குப்பி கட்டும் முனை தேயும்போதெல்லாம் அரை அடி, ஓர் அடி என்று நறுக்கிவிட்டு மறுபடி கட்டலாம்.

இரண்டு பிரெய்டுகளையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மெலிதாக வரும், வளையங்களில் இடிக்காது. கட்டிப் பழகச் சில நாள் ஆகும். அதுவரை இரட்டை யூனி முடிச்சு போதும். எதைக் கட்டினாலும் எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். சுற்றி முடித்ததும் முடிச்சு ஸ்பூலின் பின்விளிம்புப் பக்கம் வந்து உட்காருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முன்விளிம்புப் பக்கம் இருந்தால் வெளியேறும் சுருள்கள் அதன்மேல் இடறும்.

விரலுக்குத் தோல் உறை ஒன்று வாங்க மறக்காதீர்கள். மலிவான சாமான்தான். அது இல்லாமல் பிரெய்டில் முழு வேகத்தில் வீசக்கூடாது.

தூரத்தை அளந்து பூட்டுவது

முள்ளும் இரையும் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும் என்பதுதான் இத்தனை ஏற்பாடும். அதற்கு இரண்டு குச்சிகளை 12 அடி இடைவெளியில் தரையில் ஊன்றுவார்கள். முதலில் மீன் பிடிக்கும் ராடை வீசி, நல்ல இடம் கிடைத்ததும் நரம்பைக் கிளிப்பில் மாட்டி, ஈயத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஈயத்தை ஒரு குச்சியில் மாட்டி, இரண்டு குச்சிகளையும் சுற்றிச் சுற்றி நரம்பை விட்டுக்கொண்டே போங்கள். ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குப் போவது ஒரு ராப். ஒரு ராப் 4 கஜம். 20 ராப் 80 கஜம், அதாவது 73 மீட்டர். 25 ராப் என்றால் 91 மீட்டர். கிளிப் தடுக்கும்போது எத்தனை ராப் வந்ததோ அதே எண்ணிக்கையை ஸ்பாட் ராடுக்கும் சுற்றிக் கிளிப்பில் மாட்டினால், இரண்டும் ஒரே தூரம். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்தமுறை அதே இடத்துக்கு நேரே போகலாம்.

திசைக்கு எதிர்க்கரையில் அசையாத அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரமான மரம், மரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி இப்படி ஏதாவது. இரவிலும் நிழலுருவாகத் தெரிவதாக இருந்தால் உத்தமம்.

பிரெய்டைக் கிளிப்பில் நேராக மாட்டாமல், நரம்பில் மெல்லிய எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கட்டி அந்த எலாஸ்டிக்கைக் கிளிப்பில் மாட்டுகிறவர்கள் உண்டு. முட்டும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், நரம்பு தேயாது. நல்ல பழக்கம்.

முதல் வீச்சுகள்

குப்பியைப் பாதி மட்டும் நிரப்பி 30 மீட்டருக்கு வீசித் தொடங்குங்கள். நுனியிலிருந்து 5 அடி தொங்கவிடுங்கள். பின்னால் ஆளோ கிளையோ இல்லை என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள். ஒருமுறை பார்த்தால் போதாது. மேல்கை தள்ளுவதைவிட, அடிநுனியைப் பிடித்த கை வயிற்றை நோக்கி இழுப்பதில்தான் வேகம் இருக்கிறது. தொடக்கத்தில் மெதுவாக, முடிவில் வேகமாக. வெடுக்கென்று தொடங்கினால் குப்பி அந்தரத்திலேயே திறந்துகொள்ளும். பிளவில் ஒரு சோள மணி மாட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகும். நிரப்பியதும் விளிம்பை விரலால் வழித்துவிடுங்கள்.

குப்பி விழப்போகும் நேரத்தில் ஸ்பூலின் விளிம்பை விரலால் லேசாகத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள். ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாக நிமிர்த்தி வையுங்கள். கிளிப் முட்டும்போது ராடு முன்னால் வளைந்துகொடுத்து இழுப்பை வாங்கிக்கொள்ளும். ராடு இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து விழும் இடம் ஓரிரண்டு மீட்டர் மாறிவிடும். ஒருமுறை நிமிர்த்தி, மறுமுறை நீட்டிப் பிடித்தால் அளந்ததெல்லாம் வீண். மீன் பிடிக்கும் ராடையும் இதே நிலையில் பிடித்துத்தான் வீச வேண்டும்.

இரை கொட்டியதும் ராடை உயர்த்தி, வேகமாகச் சுற்றுங்கள். திறந்த குப்பி நீரின் மேல் சறுக்கிக்கொண்டு வரும். நிறுத்தினால் மூழ்கும், கனக்கும்.

எதிர்க்காற்றில் உயரமாக வீசாதீர்கள். பிரெய்ட் வில்லாக வளைந்து குப்பி குறைந்த தூரத்திலேயே விழுந்துவிடும். தாழ்வாக வீசுங்கள். பக்கக் காற்று பலமாக இருந்தால் எல்லாருக்கும் சிரமம்தான்; அன்று தூரத்தைக் குறைத்துக்கொள்வதே புத்தி.

இரை பற்றி ஒன்று மட்டும். உலர்ந்த தானியத்தையும் பயறையும் பச்சையாகப் போடாதீர்கள். மீனின் வயிற்றில் போய் ஊதும். சணல்விதையை ஒரு நாள் ஊறவைத்து, தோல் வெடித்து வெள்ளை முளை தெரியும்வரை வேகவைத்துப் போட வேண்டும். பல ஏரிகளில் நிலக்கடலை உள்ளிட்ட கொட்டை வகைகளுக்குத் தடை இருக்கிறது.

கரைக்குப் போகும் முன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது நிரம்பியவர்கள் ராடு உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியார் ஏரியில் பணம் கட்டி உட்கார்ந்தாலும் உரிமம் தனி, ஏரிக் கட்டணம் தனி.

இன்னொன்றில் எந்தச் சலுகையும் கிடையாது. கார்பன் மின்சாரம் கடத்தும். 12 அடி ராடை நிமிர்த்தினால் மேலே போகும் மின்கம்பிக்கு அருகே போய்விடும். தொடாமலேயே மின்சாரம் தாவக்கூடும். மின்கம்பியிலிருந்து தரையில் அளந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடக்கூடாது என்பது பிரிட்டனில் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. கம்பிக்கு அடியில் நடந்து போகும்போது ராடைப் பிரித்துக் கிடையாகக் கொண்டுபோங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகி இருங்கள்.

வீடு திரும்பியதும் லீடரின் கடைசி இரண்டு அடியை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு அன்றைக்கே புதிதாகக் கட்டிவிடுங்கள். அடுத்தநாள் விடியலில் குளிர்ந்த விரல்களோடு எஃப்ஜி முடிச்சு வராது.